வேடியப்பன் வராந்தாவில் நின்ற ஒன்பது நாள்

டிராக்டர் வந்து நின்றபோது நான் கேட்டருகில்தான் இருந்தேன். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு கல்லை மல்லாக்கப் படுக்கவைத்து, சாக்கால் மூடிக் கயிறு கட்டியிருந்தது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "மேடம், ரோடு அகலப்படுத்துறாங்க. பொக்லைன் வந்து நிக்குது. உடைச்சிடுவாங்கன்னு தூக்கிட்டு வந்துட்டேன்" என்றான். சாக்கை விலக்கிப் பார்த்தேன். ஒரு கையில் வில், மறு கையில் வாள், காலடியில் இரண்டு மாடு, மேலே நான்கு வரி வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து வடிவம். கல் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.

அப்போது வந்த சந்தோஷத்தை மறைத்து எழுதப் போவதில்லை. தருமபுரியில் நடுகற்களுக்கென்றே, அதாவது சண்டையில் செத்த வீரர்கள் நினைவாக நட்ட கற்களுக்கென்றே, தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. நான் பார்த்துக்கொள்வது அதுவல்ல. ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன அருங்காட்சியகம், பெயர் வேண்டாம். பழைய ஓட்டுக் கட்டடம், நான்கு அறை, ஒரு வராந்தா, ஒரு வாட்ச்மேன், ஓர் உதவியாளர், அப்புறம் நான். எங்களிடம் எந்திரக்கல் உண்டு, ஏர்க்கலப்பை உண்டு, வள்ளமும் படியும் உழக்கும் அடுக்கி வைக்க இடமில்லாத அளவுக்கு உண்டு. நடுகல் மட்டும் கிடையாது. அது தானாக டிராக்டரில் ஏறி வாசலுக்கு வந்தால் என்ன செய்வேன்? இறக்கச் சொன்னேன்.

"எந்த ஊர் தம்பி?" என்று கேட்டேன். ஓர் ஊர்ப் பெயர் சொன்னான். பிறகு "அந்த ஊருன்னும் சொல்ல முடியாது, அதுக்கும் அடுத்த ஊருக்கும் நடுவுல, ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம்" என்றான். போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினேன். கல்லை நான்கு பேர் சேர்ந்து வராந்தாத் தூணில் சாய்த்து நிறுத்தினோம். சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டேன், "நடுகல், 1" என்று எழுதினேன், "கிடைத்த இடம்" என்ற கட்டத்தில் பென்சிலால் "பிறகு" என்று எழுதினேன். துண்டுச் சீட்டு அன்று சாயங்காலமே காணாமல் போயிற்று.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. நூறு ஆண்டு தாண்டிய சிற்பமும் கல்வெட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்ற அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை. ஊருக்குள் ஒரு கல் கிடைத்தால் வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் சொல்லிவிட்டு, தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு, அப்புறம்தான் தொட வேண்டும் என்று பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுகிறவளே நான்தான். அன்றைக்கு அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. கண்முன் வட்டெழுத்து மட்டும்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஒரு மினி வேன் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள், பாதிப் பேர் பெண்கள். முன்னால் வந்த பெரியவர் நேராக வராந்தாவுக்குப் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, கல்லின் முன் நின்று கும்பிட்டார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, எங்க வேடியப்பனை எதுக்கும்மா தூண்ல சாத்தி வெச்சிருக்க?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. "உடைச்சிடுவாங்கன்னு ஒரு தம்பி கொண்டு வந்தாருங்க ஐயா" என்றேன்.

"அவன் பக்கத்து ஊர்க்காரன். நல்ல பையன்தான். ரோட்டுக்காரங்ககிட்ட நாங்க பேசி, பத்தடி தள்ளி எடம் பார்த்து வெச்சிருந்தோம். போய்ப் பார்த்தா சாமியக் காணோம். ஒன்பது நாளா வெளக்கு இல்ல."

இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பல நடுகற்கள் இன்றைக்கும் வேடியப்பன் என்ற பெயரில் கும்பிடப்படுகின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன், மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன், யாராக இருந்தாலும் பெயர் மறந்து போய் இன்று அவன் குலசாமி. பொங்கல் வைப்பார்கள், சேவல் அறுப்பார்கள். நாங்கள் "வீரன் உருவம், பக்கவாட்டுத் தோற்றம்" என்று அட்டையில் எழுதுவதைத்தான் அவர்கள் அப்பன் என்று கூப்பிடுகிறார்கள்.

திருப்பிக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. தாசில்தார் அலுவலகத்துக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்து, என் தவறையும் சேர்த்தே எழுதி, கல் எடுத்துச் செல்லப்படுகிறது என்று பதிவு செய்தோம். ஒன்றே ஒன்று கேட்டேன். "ஐயா, போறதுக்கு முன்னாடி எழுத்தை மட்டும் படியெடுத்துக்கட்டுமா?" பெரியவர் யோசித்தார். "வலிக்காம எடு" என்றார்.

படியெடுப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். அதற்கே அரை நாள். பிறகு நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை விடாமல் தட்ட வேண்டும். தாள் முக்கால்வாசி காய்ந்ததும் துணிப்பந்தில் மசி தொட்டு மேலே ஒற்றினால், தாள் கறுப்பாகும், பள்ளத்தில் இறங்கிய எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். கண்ணுக்கு முன்னால் எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்த்து வேனில் வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மன்னன் பெயர் இருக்க வேண்டிய முதல் வரி தேய்ந்து போயிருந்தது. "தொறு" படித்தேன், "பட்டான்" படித்தேன், கடைசியில் "கல்". தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான் என்று சொன்னதும் பெரியவர் தலையாட்டினார். "எங்க பாட்டன் சொன்னதும் அதேதான். நீ படிச்சிச் சொல்ற, அவரு படிக்காம சொன்னாரு."

கல்லை நட்ட அன்று கூப்பிட்டிருந்தார்கள், போனேன். நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. வகுப்பில் ஒப்பித்த அதே வரிசை, யாரும் படிக்காமலே, ஏரிக்கரையில் அன்று ஒவ்வொன்றாக நடந்தது. எங்கள் பதிவேட்டிலிருந்து கல்லின் எண்ணை அடித்தேன். படியெடுத்த தாளுக்குப் புது எண் போட்டேன். "கிடைத்த இடம்" என்ற கட்டத்தில் ஊர், ஏரி, எந்தத் திசை பார்த்து நிற்கிறது, யார் சொன்னது என்று எழுதினேன். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

அந்தக் கட்டம்தான் அதற்குப் பிறகு என் வேலையே ஆகிவிட்டது.

யாராவது ஒரு பொருளைக் கொண்டு வந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் பொருளைப் பார்ப்பதில்லை, கொண்டு வந்தவரைத்தான் பார்க்கிறேன். எங்கிருந்தது, யார் வைத்திருந்தார்கள், எதற்குப் பயன்பட்டது, எப்போது நின்றது. பொருள் நூறு வருஷம் இருக்கும், இந்தப் பதில் இருபது வருஷம்கூடத் தாங்காது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரும்பை உற்றுப் பார்த்து அல்ல. அந்த இரும்பு கிடந்த மண்ணடுக்கில் இருந்த கரியை ஆய்வுக்கு அனுப்பித்தான். அதே இரும்பை ஒரு நல்ல மனிதர் தோண்டியெடுத்து, கழுவித் துடைத்து, என் மேஜைமேல் கொண்டு வந்து வைத்திருந்தால் அது வெறும் துரு. அந்த டிராக்டர் தம்பிக்கு இதை அப்புறம் சொன்னேன். இப்போது எதைப் பார்த்தாலும் இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, லொக்கேஷன் சேர்த்து அனுப்புகிறான். எங்கள் நிலத்தடிப் பொருள் கண்காணிப்பு மொத்தமும் அவனுடைய வாட்ஸ்அப்தான்.

வாள் கொண்டு வருகிறவர்கள் தனி ரகம். இந்தப் பக்கம் பரணில் கிடைக்கும் எந்தத் துருப்பிடித்த இரும்பும் திப்பு சுல்தான் வாள்தான். பாராமகால் என்ற இந்தப் பகுதி 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது என்பதால் முழுக்கச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. ஆனால் மாதத்துக்கு ஒரு திப்பு வாள் வந்தால் நான் என்ன செய்வது? போன வருஷம் வந்ததில் ஒன்று கரும்பு வெட்டும் கத்தி. வேண்டாம் என்று சொல்வதற்கு அருங்காட்சியக வேலையில் பெரிய திறமை வேண்டும். வாங்கி வைத்தால் இடம் போகும், மறுத்தால் மனுஷன் போய்விடுவார். "பொருள் உங்ககிட்டயே இருக்கட்டும், கதையை மட்டும் குடுங்க" என்று சொல்லப் பழகியிருக்கிறேன். பாதிப் பேர் உட்கார்ந்து சொல்கிறார்கள். மீதிப் பேர் கோபித்துக்கொண்டு போய், அடுத்த மாதம் வேறு ஏதாவது கொண்டு வருகிறார்கள்.

திட்டமிடுதல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வருஷா வருஷம் அறக்கட்டளைக் கூட்டத்தில் ஏசி ஹால் கேட்பார்கள், முகப்பில் செல்ஃபி எடுக்க ஏதாவது வை என்பார்கள். நான் ஸ்டோர் ரூமுக்கு இரும்பு ரேக்கும், பெண்களுக்குக் கழிவறையும் கேட்பேன். மூன்றாம் வருஷம் கழிவறை கிடைத்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் பெண் பிள்ளைகளை அழைத்து வருவது கூடியது. நான் போட்ட திட்டங்களிலேயே உருப்படியாக முடிந்தது அதுதான்.

வெளிச்சம் விஷயத்தில் ஒரு சண்டை இன்னும் ஓடுகிறது. துணிக்கும் தாளுக்கும் ஐம்பது லக்ஸுக்கு மேல் ஒளி படக்கூடாது. ஐம்பது லக்ஸ் என்றால் வருகிறவர்களுக்கு அரை இருட்டு. "மேடம், கரண்ட் பில் மிச்சமா?" என்று கேட்காத ஆளில்லை.

எங்கள் வேலையில் நான் பெருமைப்படுவது இரண்டாம் சனிக்கிழமைதான். அன்று ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு, நடுவில் பெஞ்சு போட்டு, ஸ்டோரிலிருந்து நான்கைந்து பொருளை எடுத்து வைப்போம். அவர்கள் கையில் எடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். தருமபுரியில் தமிழ் பேசுகிறவர்களோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பொருளுக்கு நான்கு பெயர் வரும், சில சமயம் நான்கு பெயருக்கும் ஒரு சண்டையும் வரும். எல்லாவற்றையும் எழுதுகிறோம். "கேழ்வரகு அரைக்கும் திருகை" என்று நான் அழகாக அட்டை எழுதி வைத்திருந்தேன். முதல் கூட்டத்துக்கு வந்த ஒரு பாட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ராகி எந்திரக்கல்லுன்னு எழுதேன், எதுக்குச் சுத்தி வளைக்கிற?" என்றார். அத்தோடு விடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "மேல் கல்லைத் தலைகீழா வெச்சிருக்கீங்களே, மாவு எப்படிம்மா வரும்?" என்று கேட்டார்.

இரண்டு வருஷமாக அது அப்படித்தான் இருந்தது. கலெக்டர் பார்த்திருக்கிறார், கல்லூரிப் பேராசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள், போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். பாட்டியே முந்தானையைச் செருகிக்கொண்டு கல்லைத் திருப்பி வைத்து, முளைக்கோலைச் சொருகி, ஒரு கைப்பிடி ராகி வாங்கிவரச் சொல்லி அரைத்துக் காட்டினார். காட்சிப் பொருளில் தானியம் போடக்கூடாது, பூச்சி வரும் என்பது விதி. அந்த விதியை அன்று யார் நினைத்தார்கள்? சாயங்காலம் வரை பிரஷ் வைத்து மாவைத் துடைத்தோம்.

அடுத்த வருஷத்துக்குத் தண்ணீர் பற்றி ஒரு கண்காட்சி யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிணற்று நீர் இறைக்கும் கவலை, ஏற்றம், சால் எல்லாம் இருக்கிறது, வைத்துவிடலாம். ஆனால் தருமபுரித் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டுப் பல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, சிலருக்கு எலும்பிலும் கோளாறு. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். நானும் பென்னாகரம் பக்கம் ஆழ்துளைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கல்லூரிப் போட்டோ எதிலும் நான் வாயைத் திறந்து சிரித்திருக்க மாட்டேன். இதை எப்படிக் காட்சிக்கு வைப்பது? பல்லை வைக்க முடியுமா? சனிக்கிழமைக் கூட்டத்தில் கேட்டேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "கல்யாணப் போட்டோக்களை வாங்கி வைங்க மேடம். எல்லாரும் உதட்டை மூடிக்கிட்டுதான் இருப்பாங்க" என்றார். அதைவிடச் சரியான யோசனை இதுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தங்கள் கல்யாணப் போட்டோவை அதற்காகத் தருகிறவர்கள் யார் என்றுதான் தெரியவில்லை. முதலில் என்னுடையதைத் தர வேண்டும். வீட்டில் இன்னும் கேட்கவில்லை.

தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றால் எல்லோரும் நெல்லிக்கனியைத்தான் சுவரில் எழுதி வைக்கிறார்கள். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதைதான் எனக்கு அதைவிடப் பிடிக்கும். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். வேல்களெல்லாம் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, பளபளவென்று காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. ஔவை பார்த்துவிட்டு, இவை இங்கே இப்படி இருக்கின்றன, எங்கள் ஆளுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். ஓர் அருங்காட்சியகத்தை இதைவிட நயமாக யாரும் திட்டியிருக்க முடியாது. நானும் நெய் பூசுகிறவள்தான். இரும்புக்கு வருஷம் ஒரு தடவை மெழுகுப் பூச்சு உண்டு.

கூத்துக் கிரீடம் வந்தபோதும் அந்த வரிகள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு கூத்து வாத்தியார் வயதாகி ஆட முடியாமல் போனதும் தன் கட்டைகளை எங்களிடம் கொடுத்தார். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. கூத்துக் குழுவான ஜமாவை நடத்தும் பேரன் லேசான புதுச் செட் வாங்கிவிட்டான், பழையது யாருக்கு வேண்டும் என்றார். "கிடைத்த இடம்" கட்டத்துக்கு இரண்டு பக்கம் சேர்ந்தது: எந்தெந்த ஊரில் எத்தனை இரவு, எந்தக் கண்ணாடி எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது என்பது உட்பட.

இரண்டு வருஷம் கழித்துச் சித்திரையில் பேரன் வந்தான். பாரதக் கூத்தில் பதினெட்டாம் நாள், துரியோதனன் விழும் படுகளத்துக்குத் துரியோதனன் வேஷம் கட்ட வேண்டும், புதுக் கிரீடம் கனமே இல்லை, சுழன்று வரும்போது பறக்கிறது, தாத்தா கிரீடத்தை ஒரு நாள் தர முடியுமா என்றான். பதிவேட்டில் ஏறிய பொருளைப் பயன்பாட்டுக்குக் கொடுப்பது வழக்கத்தில் இல்லை. அறக்கட்டளையில் ஒருவர் கடுமையாக எதிர்த்தார்: வியர்வை படும், விழும், உடையும், நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் ஒரு கடன் படிவம் தயாரித்தேன். எடுக்கும் நாள், திரும்பும் நாள், பொருளின் நிலை, நான்கு பக்கமும் போட்டோ, இரு தரப்புக் கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் "துரியோதனன்" என்று எழுதினான்.

விடிந்ததும் படுகளத்துக்குப் போய் நின்றேன். தரையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடக்க, அதைச் சுற்றிப் பீமன் துரத்த, பேரன் ஓடிக்கொண்டிருந்தான். எங்கள் அலமாரியில் ஐம்பது லக்ஸில் மங்கிக் கிடந்த கண்ணாடித் துண்டுகள் காலை வெயிலில் என் கண்ணைக் கூச வைத்தன. கிரீடத்தின் இடது மூலை ஒரு தடவை தரையில் இடித்தது. எனக்கு மூச்சு நின்றது. பக்கத்தில் இருந்த தாத்தா, "விடும்மா, அது அந்த மூலையிலதான் எப்பவும் இடிக்கும்" என்றார்.

மூன்றாம் நாள் கிரீடம் திரும்பி வந்தது. உதவியாளர் போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இடது மூலையில் மூன்று கண்ணாடி புதிது, விழுந்ததற்குப் பதிலாக அவர்களே ஒட்டியிருந்தார்கள். சிவப்புச் சாயம் ஒரு கை கூடுதல். உள்பக்கத் துணியில் வியர்வைக் கறை. படிவத்தில் "சேதம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. உதவியாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மேடம், இதுல என்னன்னு எழுதறது?" என்று கேட்டார்.

தாத்தாவுக்குப் போன் போட்டேன். கண்ணாடி எந்தச் சந்தையில் வாங்கியது என்று கேட்டு, அதை எழுதச் சொன்னேன்.